குழாயில் ஊதிய காலை

நவம்பர். ஏழே முக்கால் மணி.
லெட்டர்கென்னிக்கு வெளியே
பள்ளிப் பேருந்தை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
இருபத்தேழு பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்க்க
இறங்கிக் குழாயில் ஊதினேன்.

யாரோ ஒரு தாய் சொல்லியிருக்கிறாள்:
அந்த டிரைவரம்மாவின் மூக்கைப் பாருங்கள்,
விடியும்போதே ஏற்றிக்கொண்டுதான் வருகிறாள்.

கருவி யோசித்தது.
அந்தப் பத்து நொடியில்
கழுத்திலிருந்து கிளம்பியது எனக்குப் பழகிய சூடு,
கவனிக்காமல் விட்ட பால்போல்
தாடை, கன்னம், மூக்கு நுனி, நெற்றி என்று.

பூஜ்யம்.

காவலருக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.
"மன்னிக்கணும், மிஸஸ் மெகின்லி."
அவர் முகமும் சிவந்தது.
ஒரு நிமிடத்தில் இறங்கியும்விட்டது.

என்னுடையது இறங்க மறந்து பதினோரு வருடம்.

முதலில் கடல்காற்று என்று நினைத்தேன்.
மாதவிடாய் நிற்கும் வயது என்றாள் அக்கா.
சோப்பை மாற்றினேன்,
மாற்றிய சோப்பையும் மாற்றினேன்,
வெறும் தண்ணீரும் எரிந்தது.
மூக்கின் இருபுறமும் மெல்லிய சிவப்பு நூல்கள்.
ஐம்பத்திரண்டு வயதில்
பள்ளிக்கூடப் பெண்ணின் சீழ்ப்பருக்கள்.
இமைக்குள் மணல்;
அதைச் சாலைத் தூசு என்றே நம்பினேன்.

டாக்டர் ஓனா டெவனி முகத்தைத் தொடவில்லை,
விளக்கை மட்டும் நகர்த்தினாள்.
"ரோசாசியா. கண்ணில் இருப்பதும் அதுதான்."
ரோஜாவுக்குச் சொந்தக்காரி மாதிரி ஒரு பெயர்,
முள்ளை மட்டும் சீதனமாகக் கொண்டுவந்தவள்.
"குணமாகுமா?"
"அடங்கும்."

எது கிளப்புகிறதென்று எழுதி வரச் சொன்னாள்.
டீசல் கணக்கு நோட்டிலேயே எழுதினேன்.
செவ்வாய், நாற்பது லிட்டர், கொதிக்கும் தேநீர், சிவப்பு.
புதன், முன்கண்ணாடிப் பனிக்கு வைத்த சூட்டுக்காற்று
நேராக முகத்தில், கடும் சிவப்பு.
வெள்ளி, மருமகன் செய்த மிளகாய்க் கறி.
நன்றாகத்தான் இருந்தது. ஞாயிறு வரை சிவப்பு.
திங்கள், ஒன்றுமே செய்யவில்லை.
சிவப்பு.

களிம்பின் பெயரை வாசித்த கோனல்
கொட்டகைக்குப் போய் ஒரு டப்பாவோடு வந்தார்.
"இதைத்தானே ஆடுகளுக்கு ஊற்றுகிறேன்!"
உன்னுடையதை எனக்குப் பூசிவிடாதே என்றேன்.
அரை மணி நேரம் சிரித்தோம்.
சிரிப்பும் சிவக்க வைக்கும்; அதையும் எழுதினேன்.
தோலில் குடியிருக்கும் பொடி உண்ணிகளுக்காம் அந்த மருந்து.
எல்லார் முகத்திலும் உண்டாம்,
என் வீட்டில் கூட்டம் கொஞ்சம் அதிகம்.

மூன்று மாதம் மாத்திரை.
இரவில் இமைமேல் வெதுவெதுப்பான துணி.
காலையில் மழை பெய்தாலும் சன்ஸ்கிரீன்;
வெயிலே இல்லாத ஊரில் வெயிலுக்குப் பயந்தவள் நான்.
மணல் போயிற்று. பருக்கள் போயின.
நூல்கள் இருக்கின்றன.
அவற்றை எரிக்கும் லேசர் டப்ளினில் இருக்கிறது,
அதற்கான பணம் எங்கேயும் இல்லை.

குடித்தது என் தம்பி டாரா.
இருபது வருடம், காலையிலேயே தொடங்கி.
படகுத்துறையில் வழுக்கி விழுந்த நாள் வரை
சுண்ணாம்பு அடித்த சுவர்போல் முகம்.
பெட்டிக்குள் கிடந்தவனைப் பார்த்து
"எவ்வளவு தெளிவான முகம்" என்றாள் ஒருத்தி.
அவனை யாரும் ஒருநாளும் ஊதச் சொன்னதில்லை.
உள்ளே இருப்பது முகத்தில் தெரியுமாம்.
சொன்னவர்கள் எங்கள் குடும்பத்தைப் பார்க்கவில்லை.

பேருந்தில் ஏறினேன்.
ஒரு சத்தமும் இல்லை.
மூன்றாம் வரிசை ஃபியாக்ரா கேட்டான்:
"என்ன கிடைச்சுது?"
"பூஜ்யம்."
"எனக்கும் கணக்கில் அதுதான்."

பேருந்தே குலுங்கியது.
கடைசி வரிசையில் ஒரு சிறுமி மட்டும் சிரிக்காமல்
தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எந்த வீட்டுத் தொலைபேசி என்று புரிந்தது.

சூட்டுக்காற்றைக் குறைத்தேன்.
ஜன்னலை ஒரு விரல் திறந்தேன்.
அவள் தெரியாதபடி
உள்கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிவைத்தேன்.
இப்போது அதில்
ஈரச் சாலை கொஞ்சம்,
என் மூக்கில் பாதி.